தொழிலாளியைத் தொழிலாளி என்று சொல்!

சென்ற மாதம் நமது சங்க ஆபீசுக்கு ஓர் இளைஞர் வந்தார். வலது கையில் மாவுக்கட்டு. முதுகில் பெரிய பையைச் சுமந்துகொண்டு, சென்னை நகரத்தின் வீடுகளுக்கெல்லாம் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பது அவருடைய பிழைப்பு. கோயம்பேடு அருகே மழையில் வண்டி சறுக்கியது. கீழே விழுந்தார். கை முறிந்தது. மூன்றாம் நாள் செல்போனைத் திறந்து பார்த்தால் அவருடைய கணக்கு முடக்கப்பட்டிருக்கிறது. ஏன் என்று கேட்க ஓர் ஆள் இல்லை. போய் நிற்க ஓர் ஆபீஸ் வாசல் இல்லை.

உதவி கோரி மனு எழுத உட்கார்ந்தோம். பெயர் எழுதினோம், வயது எழுதினோம், ஊர் எழுதினோம். "வேலை கொடுப்பவர் பெயர்" என்ற இடம் வந்ததும் பேனா நின்றுவிட்டது. கம்பெனியின் பெயரை எழுதலாமா? கம்பெனியோ, "இவர் எங்களிடம் வேலை செய்பவர் அல்ல" என்கிறது. அவர் செல்போனில் விரலை வைத்துச் சம்மதித்த ஒப்பந்தத்தில் அவருக்குப் பெயர் "பார்ட்னர்". அதாவது, பங்காளி!

அப்பொழுது அந்த இளைஞர் சொன்னார்: "தோழர், எங்க அம்மா பாவூர்சத்திரத்துல வீட்டுத் திண்ணையில உட்கார்ந்து பீடி சுத்துனவங்க. அவங்களுக்கு பி.எஃப். நம்பர் இருக்கு. பட்டணத்துல பன்னிரண்டு மணி நேரம் வண்டி ஓட்டுற எனக்கு இல்லையே!"

தோழர்களே! இந்த இளைஞரின் கேள்வி ஒரு மனிதரின் கேள்வி அல்ல. 2020-21-ல் இந்நாட்டில் இப்படிப்பட்ட வேலையில் இருப்பவர்கள் 77 லட்சம் பேர் என்று மத்திய சர்க்காரின் நிதி ஆயோக்கே கணக்குச் சொல்லியிருக்கிறது. 2029-30-ல் அது 2 கோடியே 35 லட்சம் ஆகும் என்றும் சொல்லியிருக்கிறது. இரண்டு கோடிப் பேர் ஒரு மனுவை எழுத உட்கார்ந்தால், வேலை கொடுப்பவர் பெயர் என்ற இடம் காலியாக இருக்கும். இதைவிட விந்தை வேறு உண்டா?

பங்கில்லாத பங்காளி

நம் ஊரில் பங்காளி என்றால் யார்? பாட்டன் சொத்தில் பாத்தியதை உள்ளவன். வரப்பு ஒரு சாண் நகர்ந்தாலும் வந்து நின்று கேட்கிறவன். இந்தப் புதிய பங்காளிக்கு என்ன பாத்தியதை இருக்கிறது?

லாபத்தில் பங்கு உண்டா? கிடையாது. கணக்குப் புத்தகத்தைப் பார்க்கலாமா? கூடாது. ஒரு பொட்டலத்தை ஐந்து கிலோமீட்டர் தூரம் கொண்டுபோய்ச் சேர்த்தால் என்ன கூலி என்று தீர்மானிக்கும் இடத்தில் அவருக்கு ஒரு நாற்காலி உண்டா? கிடையாது. நேற்று ஒரு ரேட்டு, இன்று ஒரு ரேட்டு. செல்போனில் வரும் எண்ணைப் பார்த்துத்தான் தன் கூலியைத் தெரிந்துகொள்கிறார் இந்தப் பங்காளி.

ஆனால் சிலவற்றில் முழுப் பங்கும் அவருக்குத்தான். பெட்ரோல் அவருடையது. வண்டித் தவணை அவருடையது. டயர் தேய்ந்தால் அவருடையது. போலீஸ் அபராதம் அவருடையது. கத்தரி வெயிலும், ஐப்பசி மழையும், முறிந்த கையும் அவருடையவை. லாபம் அங்கே, நஷ்டம் இங்கே! உலகத்தில் எந்தப் பாகப் பிரிவினையும் இப்படி நடந்ததில்லை.

முதலாளி இவ்வளவு மெனக்கெட்டுப் பெயர் வைப்பது எதற்காக? பாசத்தினாலா? இல்லை. குறைந்தபட்சக் கூலி, எட்டு மணி நேர வேலை, ஓவர்டைமுக்கு இரட்டைக் கூலி, வார விடுமுறை, பிராவிடண்ட் பண்டு, ஈ.எஸ்.ஐ., போனஸ், கிராஜுவிட்டி, சங்கம் வைத்துப் பேரம் பேசும் உரிமை ஆகிய இத்தனையும் ஒரே ஒரு வார்த்தையின் மேல் நிற்கின்றன. "தொழிலாளி" என்பதே அந்த வார்த்தை. அந்த ஒரு கல்லை உருவிவிட்டால் கட்டடம் முழுவதும் சரிந்துவிடும். சட்டத்தை மீற வேண்டியதில்லை. இன்ஸ்பெக்டருக்குப் பயப்பட வேண்டியதில்லை. சட்டம் அப்படியே இருக்கும். மனிதன் மட்டும் அதற்கு வெளியே போய்விடுவான்!

பல பெயர், ஒரே வித்தை

இந்த வித்தை செல்போனோடு பிறந்தது அல்ல. பழைய வித்தைதான்.

பஞ்சாலைக்கு வாருங்கள். திண்டுக்கல், ஈரோடு, திருப்பூர் வட்டாரத்து ஆலைகளில், மூன்று வருஷம் வேலை செய்தால் கல்யாணத்துக்கு ஒரு தொகை தருகிறோம் என்று சொல்லி, ஏழைப் பெண்களைக் கொண்டுவந்து விடுதியில் அடைத்து வைத்தார்களே, அந்தப் பெண்களுக்கு என்ன பெயர்? "அப்ரண்டிஸ்". 1961-ம் வருஷத்து அப்ரண்டிஸ் சட்டத்தின் 18-வது பிரிவு, அப்ரண்டிஸ் என்பவர் பயிற்சி பெறுபவரே தவிரத் தொழிலாளி அல்ல என்கிறது. உண்மையாகத் தொழில் கற்கும் பிள்ளைக்காக வைத்த ஷரத்து அது. ஒரு மாதத்தில் கற்றுக்கொள்ளும் வேலையை மூன்று வருஷம் "கற்றுக்கொடுத்தார்கள்". நூல் மட்டும் முதல் வருஷத்திலிருந்தே விலைக்குப் போயிற்று!

மோட்டார் தொழிற்சாலைக்கு வாருங்கள். ஒரே வரிசை, ஒரே ஸ்பானர், ஒரே சைரன். ஆனால் ஒருவர் நிரந்தரத் தொழிலாளி, பக்கத்தில் நிற்பவர் கண்டிராக்ட், அவருக்கு அடுத்தவர் டிரெய்னி. சட்டையின் நிறம் வேறு, சம்பளமும் வேறு. கையில் ஏறும் எண்ணெய்க் கறை மட்டும் ஒன்றுதான்.

இந்த மோசடியைத் தடுக்க நம் மாநிலத்திலேயே ஒரு நல்ல சட்டம் பிறந்தது. 24 மாதங்களில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று 1981-ல் தமிழ்நாட்டுச் சட்டசபை சட்டம் இயற்றியது. முதலாளிகள் என்ன செய்தார்கள்? 470-வது நாள் சீட்டைக் கிழித்தார்கள். பத்து நாள் வீட்டுக்கு அனுப்பிப் புதுப் பெயரில் எடுத்தார்கள். கண்டிராக்டரின் பெயரை மாற்றினார்கள். சட்டம் நாளை எண்ணியது. முதலாளி நாளையே திருடினார்.

பீடித் தட்டு சொல்லும் பாடம்

இப்பொழுது அந்த இளைஞரின் தாயாரிடம் வருவோம். திண்ணையில் உட்கார்ந்து பீடி சுற்றிய அந்த அம்மாளுக்கு எப்படிக் கிடைத்தது பி.எஃப். நம்பர்? யாரும் தானம் செய்தார்களா?

பீடி முதலாளியும் அந்நாளில் இதைத்தான் சொன்னார்: "இவர்கள் என் ஆட்கள் அல்லர். நான் இலையும் தூளும் கண்டிராக்டரிடம் கொடுக்கிறேன். அவர் யாரிடமோ கொடுக்கிறார். அவர்கள் வீட்டில் சுற்றுகிறார்கள். எப்போது சுற்றுகிறார்கள், யார் சுற்றுகிறார்கள், எனக்கென்ன தெரியும்?"

கொட்டகையில் வைத்துச் சுற்றினால் பாக்டரிச் சட்டம் வரும். ஆகவே வேலையைக் கொட்டகையிலிருந்து வீட்டுக்குத் தள்ளினார்கள். 1958-ல் சென்னை ராஜ்யம் பீடித் தொழிலுக்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்தது. 1961-ல் கேரளமும் கொண்டுவந்தது. ஆனால் பீடித் தொழிலுக்கு எந்திரம் இல்லை, புகைக்கூண்டு இல்லை. ஒரு மூட்டை இலையையும் ஒரு மூட்டைத் தூளையும் தூக்கிக்கொண்டு அடுத்த ராஜ்யத்துக்குப் போய்விடலாம். ஆகவே ராஜ்யச் சட்டங்கள் பிடிக்கப் பிடிக்கத் தொழில் நழுவியது. கோர்ட்டுகளும் தடுமாறின. 1960-களின் தொடக்கத்தில் ஒரு பீடி வழக்கில் இவர்கள் தொழிலாளிகளே என்றது சுப்ரீம் கோர்ட்; வேறொரு பீடி வழக்கில் அல்ல என்றது.

பீடித் தொழிலாளர்கள் சும்மா இருக்கவில்லை. ஊர் ஊராகச் சங்கம் வைத்தார்கள். வேலைநிறுத்தம் செய்தார்கள். சட்டசபையிலும் பார்லிமெண்டிலும் பிரச்சினையைக் கிளப்பினார்கள். 1966-ல் நாடு முழுவதற்கும் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் சிறப்பு என்ன தெரியுமா? பெயரைப் பார்க்காதே, வேலையைப் பார் என்றது. முதலாளியிடமோ கண்டிராக்டரிடமோ இலையும் தூளும் வாங்கி, வீட்டில் பீடியாக்கிக் கொடுப்பவரும் தொழிலாளியே என்று எழுதியது. நேராக வைத்தாலும் சரி, இடையில் ஆளை வைத்தாலும் சரி, தொழிலாளி தொழிலாளியே என்றது. முதலாளிகள் சுப்ரீம் கோர்ட்டுக்கு ஓடினார்கள். 1974-ல் சட்டம் செல்லும் என்று தீர்ப்பாயிற்று.

அடுத்து பிராவிடண்ட் பண்டு வழக்கு. வீட்டில் சுற்றுபவரை நாங்கள் மேற்பார்வை செய்வதே இல்லையே, அவர் எப்படி எங்கள் ஊழியராவார் என்று வாதாடினார்கள். 1985-ல் சுப்ரீம் கோர்ட் கொடுத்த பதிலை ஒவ்வொரு தோழரும் மனத்தில் பதிய வைத்துக்கொள்ள வேண்டும். சரியில்லாத பீடியைக் கழித்துத் தள்ளும் உரிமை முதலாளியிடம் இருக்கிறதல்லவா? அந்தக் கழிக்கும் உரிமையே மேற்பார்வை, அதுவே அதிகாரம் என்றது கோர்ட். தலைக்கு மேல் மேஸ்திரி நிற்க வேண்டும் என்பதில்லை. வாரக் கடைசியில் பீடிக் கடையில் கட்டைப் பிரித்து, "இது ஆகாது" என்று ஒதுக்குகிறானே, அந்தக் கை முதலாளியின் கை!

இன்று அந்தக் கை எங்கே இருக்கிறது? செல்போனுக்குள் இருக்கிறது. நட்சத்திரம் போடுகிறது. ஒரு நட்சத்திரம் குறைந்தால் ஆர்டர் குறைகிறது. இரண்டு தடவை மறுத்தால் மூன்றாவது தடவை வேலை வருவதில்லை. எந்தத் தெருவில் போகிறார், எத்தனை நிமிஷம் நிற்கிறார் என்பதெல்லாம் அதற்குத் தெரியும். பீடிக் கடைக்காரன் வாரத்துக்கு ஒரு தரம் பார்த்தான். இது நிமிஷத்துக்கு ஒரு தரம் பார்க்கிறது. வாரத்துக்கு ஒரு தரம் பார்த்தவன் முதலாளி என்றால், நிமிஷத்துக்கு ஒரு தரம் பார்ப்பவன் யார்?

1978-ல் கேரளத்துக் கயிற்றுத் தொழிற்சாலை வழக்கு ஒன்றில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் இதே நியாயத்தைத் தெளிவாகச் சொன்னார். ஒருவனுடைய வியாபாரத்துக்காக இன்னொருவன் உழைத்தால், அந்த வியாபாரக்காரனே முதலாளி. இடையில் எத்தனை கண்டிராக்டர் திரைகள் தொங்கினாலும் அவற்றை விலக்கிப் பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். அந்தத் திரையைத்தான் இன்று செல்போன் கண்ணாடியாக மாற்றியிருக்கிறார்கள்.

"சுதந்திரம்" என்னும் தேன் தடவிய பேச்சு

"இவர்கள் இஷ்டப்பட்ட நேரத்துக்கு வரலாம், இஷ்டப்பட்ட நேரத்துக்குப் போகலாம். தொழிலாளி என்று ஆக்கினால் இந்தச் சுதந்திரம் போய்விடும்" என்கிறார்கள் கம்பெனிக்காரர்கள்.

கல்லூரியில் படித்துக்கொண்டே மாலையில் இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த வசதி வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால், நேரம் தளர்வாக இருந்தால் உரிமை இருக்கக் கூடாது என்று எந்த சாஸ்திரம் சொல்லுகிறது? பீடி சுற்றிய அம்மாளும் உலையை ஏற்றிவிட்டுத்தான் சுற்றினார். பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டுத்தான் சுற்றினார். அவருக்கு இல்லாத தளர்வா? அவரைத் தொழிலாளி என்று சட்டம் சொன்னதால் அவர் வீட்டு உலை அணைந்துவிடவில்லையே!

மேலும், இது எத்தகைய சுதந்திரம்? குறிப்பிட்ட மணி நேரம் ஓட்டினால்தான் ஊக்கத்தொகை. இரவு ஒன்பது மணிக்கு ஆர்டர் குவியும்போது இறங்கிவிட்டால் அந்த ஊக்கத்தொகை போயிற்று. ஆகவே பத்து மணி, பன்னிரண்டு மணி ஓட்டுகிறார்கள். ஓவர்டைமும் இல்லை, வார விடுமுறையும் இல்லை. பசிக்குப் பயந்து ஓடுவதற்குச் சுதந்திரம் என்று பெயர் வைத்தால், நுகத்தடியையும் மாலை என்று சொல்லிவிடலாம்.

"சட்டம் போட்டால் தொழில் ஓடிவிடும், வேலை போய்விடும்" என்று இன்னொரு பூச்சாண்டி. இதையும் பீடி முதலாளிகள் காட்டினார்கள். கேரளத்தில் 1968-ல் தோழர் இ.எம்.எஸ். தலைமையிலான சர்க்கார் பீடிச் சட்டத்தை அமல் செய்ய முனைந்தபோது, மங்களூர் முதலாளிகள் கண்ணூர் வட்டாரத்தில் கடையைக் கட்டினார்கள். ஏறத்தாழ 12,000 தொழிலாளர் தெருவுக்கு வந்தார்கள். ஆனால் அவர்கள் மண்டியிடவில்லை. 1969-ல் சர்க்கார் உதவியுடன் தினேஷ் பீடிக் கூட்டுறவைத் தொடங்கினார்கள். சட்டப்படி கூலி, சட்டப்படி விடுமுறை எல்லாம் கொடுத்தே அது வளர்ந்து, 30,000 பேருக்கு மேல் வேலை கொடுத்தது. சட்டம் தொழிலைக் கொல்லவில்லை. அடிமைத்தனத்தை மட்டுமே கொன்றது.

கடலுக்கு அப்பால் ஒரு கண்காட்சி

இது நம் நாட்டில் மட்டும் நடக்கும் வழக்கு அல்ல. முதலாளித்துவத்தின் தலைமைப் பீடமாகிய அமெரிக்காவில் என்ன நடந்தது என்று பார்ப்போம்.

அங்கே கூலிக்கும் நேரத்துக்கும் மத்தியச் சட்டம் ஒன்று 1938-ல் வந்தது. அதற்கு மேல் ஒவ்வொரு ராஜ்யமும் தன் சட்டத்தை வைத்துக்கொள்கிறது. மத்தியச் சட்டத்தின் குறைந்தபட்சக் கூலி 2009 முதல் மணிக்கு 7.25 டாலரிலேயே நின்றுவிட்டது. கலிபோர்னியா போன்ற ராஜ்யங்கள் அதைவிட அதிகம் வைத்திருக்கின்றன. நாளொன்றுக்கு 8 மணிக்கு மேல் வேலை வாங்கினால் ஒன்றரை மடங்கு கூலி என்றும் வைத்திருக்கின்றன. ஆகவே அங்கும் அதே வித்தை தேவைப்பட்டது. தொழிலாளியைச் "சுயேச்சைக் கண்டிராக்டர்" என்று ஆக்கினார்கள்.

2018 ஏப்ரலில் கலிபோர்னியா சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்புக் கொடுத்தது. அதன் நியாயம் எளிமையானது. உழைப்பவரைத் தொழிலாளி என்றே முதலில் கொள்ள வேண்டும். அல்ல என்றால் முதலாளிதான் நிரூபிக்க வேண்டும். அதற்கு மூன்று சோதனைகள்: அவர் உன் கட்டளைக்கு உட்படாதவரா? அவர் செய்யும் வேலை உன் வியாபாரத்துக்கு அப்பாற்பட்டதா? அவருக்கென்று சொந்தத் தொழில் தனியாக நடக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால்தான் அவர் சுயேச்சையானவர்.

நம் ஊர் உதாரணம் சொன்னால் விளங்கும். பஞ்சாலையில் குழாய் ஒழுகுகிறது. பிளம்பரைக் கூப்பிடுகிறார்கள். தன் சாமான்களோடு வருகிறார், வேலையை முடிக்கிறார், தன் கூலியைச் சொல்லி வாங்குகிறார், அடுத்த வீட்டுக்குப் போகிறார். அவர் சுயேச்சையானவர். ஆனால் அதே ஆலையில் நூல் நூற்பவர்? ஆலையின் வியாபாரமே நூல்தானே! அவரை எப்படிச் சுயேச்சை என்பது? சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் கம்பெனியில் சாப்பாடு கொண்டுபோகிறவரை எப்படிச் சுயேச்சை என்பது?

இந்தச் சோதனையை 2019-ல் அந்த ராஜ்யம் சட்டமாக்கியது. 2020 ஜனவரியில் அமலுக்கு வந்தது. உடனே ஊபர், லிப்ட், டோர்டாஷ் முதலிய கம்பெனிகள் ஒன்று சேர்ந்தன. 20 கோடி டாலருக்கு மேல் கொட்டிப் பிரச்சாரம் செய்தன. 2020 நவம்பரில் பொது வாக்கெடுப்பு நடந்தது. நூற்றுக்கு 58 பேருக்கு மேல் கம்பெனிகளின் பக்கம் வாக்களிக்கும்படி ஆயிற்று. வண்டி ஓட்டுபவர்களுக்கு மட்டும் அந்தச் சட்டத்திலிருந்து விலக்கு! 2024 ஜூலையில் கோர்ட்டும் அந்த விலக்கு செல்லும் என்றது.

கூலி உத்தரவாதம் தந்தார்களா? தந்தார்கள். குறைந்தபட்சக் கூலியில் நூற்றுக்கு 120 பங்கு என்றார்கள். கேட்கக் காது குளிர்கிறது. ஆனால் எந்த நேரத்துக்கு? ஆர்டரை ஏற்றுக்கொண்டது முதல் முடிக்கும் வரைக்கும் மட்டும். தெருமுனையில் காத்துக் கிடக்கும் நேரம் கணக்கில் இல்லை! மில் தொழிலாளியிடம், "தறி ஓடும் நிமிஷத்துக்குக் கூலி, நூல் வருவதற்காக நீ நிற்கும் நிமிஷம் உன்னுடையது" என்று சொன்னால் ஒப்புக்கொள்வானா?

மாறாக, பிரிட்டனைப் பாருங்கள். 2021 பிப்ரவரியில் அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட், ஊபர் வண்டி ஓட்டுபவர்கள் தொழிலாளர்களே, குறைந்தபட்சக் கூலியும் சம்பளத்துடன் கூடிய விடுமுறையும் அவர்களுக்கு உண்டு என்றது. தங்கள் வட்டாரத்தில் செயலியைத் திறந்துவைத்து, சவாரிக்குத் தயாராகக் காத்திருக்கும் நேரமும் வேலை நேரமே என்றது. அதே கம்பெனி, அதே செயலி. ஓரிடத்தில் பணம் வென்றது, இன்னோரிடத்தில் நியாயம் வென்றது.

வாரியம் வேண்டும், ஆனால் வாரியம் கூலி ஆகாது

நம் நாட்டுக்குத் திரும்புவோம். 29 தொழிலாளர் சட்டங்களைக் கரைத்து நான்கு தொகுப்புகளாக்கி, 2025 நவம்பர் 21 அன்று மோடி சர்க்கார் அமலுக்குக் கொண்டுவந்தது. பீடித் தொழிலாளர் ரத்தம் சிந்திப் பெற்ற 1966-ம் வருஷத்துச் சட்டமும் அதில் கரைந்தது. கண்டிராக்ட் சட்டம் 20 பேருக்கு என்றிருந்ததை 50 பேர் என்று உயர்த்திவிட்டார்கள். 49 கண்டிராக்ட் ஆட்களை வைத்திருப்பவர் நிம்மதியாகத் தூங்கலாம்.

சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் செயலி வழித் தொழிலாளர்களை முதல் முறையாகக் குறிப்பிட்டிருக்கிறோம் என்று பெருமை பேசுகிறார்கள். எப்படிக் குறிப்பிட்டிருக்கிறார்கள்? முதலாளி, தொழிலாளி என்ற வழக்கமான உறவுக்கு வெளியே இருப்பவர்கள் என்று! கதவைத் திறந்துவிட்டு, வாசற்படியிலேயே உட்கார் என்பது போல இருக்கிறது. கம்பெனிகள் தங்கள் வருஷ வரவில் நூற்றுக்கு 1 முதல் 2 வரை நல நிதிக்குத் தர வேண்டும். அதுவும் இவர்களுக்குக் கொடுக்கும் தொகையில் நூற்றுக்கு 5-ஐத் தாண்டக் கூடாது. இதற்கு மேல் குறைந்தபட்சக் கூலி உண்டா என்றால், கூலித் தொகுப்பு வேறு அறையில் இருக்கிறது. அங்கே "ஊழியர்" மட்டும்தான் நுழையலாம்.

மாநிலங்கள் சில முன்னேறியிருக்கின்றன. 2023-ல் ராஜஸ்தான் முதல் சட்டம் இயற்றியது. 2025-ல் கர்நாடகம் சட்டம் இயற்றியது. காரணத்தை எழுதிக் கொடுக்காமல், 14 நாள் முன்னறிவிப்பு இல்லாமல் வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்று அதில் ஒரு நல்ல ஷரத்து இருக்கிறது. தமிழ்நாட்டில் 2023 டிசம்பரில் இவர்களுக்கென்று நல வாரியம் அமைத்தார்கள். 2025-ல் சென்னையில் குளிர்சாதன ஓய்வறையும் திறந்தார்கள். இவற்றை நாம் வரவேற்கிறோம். மழையில் நனைந்து வருபவனுக்கு ஒரு நாற்காலி கிடைப்பது நல்லதுதான். பிள்ளையின் படிப்புக்கு ஓர் உதவித்தொகை கிடைப்பது நல்லதுதான்.

ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. வாரியம் கொடுப்பது உதவி. சட்டம் கொடுப்பது உரிமை. உதவிக்கு மனு போட வேண்டும். உரிமைக்குக் கணக்குக் கேட்கலாம். கை முறிந்தவனுக்கு வாரியம் ஏதேனும் தரலாம். அவன் கணக்கை முடக்கியவனை நிறுத்திக் கேள்வி கேட்க வாரியத்தால் முடியாது. நம் கோரிக்கை வாரியத்தோடு நின்றுவிட்டால், கலிபோர்னியாக் கம்பெனிகள் 20 கோடி டாலர் கொடுத்து வாங்கியதை நம் கம்பெனிகளுக்கு நாம் இனாமாகக் கொடுத்தவர்கள் ஆவோம்.

சர்க்காரே பெயர் மாற்றினால்?

தனியார் முதலாளியை மட்டும் சொல்லி என்ன பயன்? சர்க்காரும் இந்த வித்தையில் கைதேர்ந்ததுதான். அங்கன்வாடி ஊழியருக்குக் கொடுப்பது சம்பளம் அல்ல, "மதிப்பூதியம்" என்கிறது. காலை முதல் குழந்தைகளுக்குச் சோறூட்டி, எடை பார்த்து, கணக்கு எழுதும் பெண்ணுக்கு மதிப்பு இருக்கிறதாம், ஊதியம்தான் இல்லையாம்! 2022 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட், அங்கன்வாடி ஊழியருக்கும் உதவியாளருக்கும் கிராஜுவிட்டி உண்டு என்று தீர்ப்பளித்தது. அதற்கும் கோர்ட் படி ஏறவேண்டியிருந்தது.

2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் நடந்ததை நாடு பார்த்தது. ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களில் குப்பை வாரும் வேலையைத் தனியாரிடம் கொடுத்ததை எதிர்த்துத் தூய்மைப் பணியாளர்கள் 13 நாள் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. அவர்கள் கேட்டது என்ன? அதே தெரு, அதே குப்பை, அதே துடைப்பம். எங்களை மட்டும் ஏன் கண்டிராக்டரின் ஆள் என்று பெயர் மாற்றுகிறீர்கள் என்றுதானே! சர்க்காரே முன்மாதிரியாக நடக்காவிட்டால், தனியார் முதலாளியைத் திருத்த அதற்கு வாய் ஏது?

நாம் கேட்பது என்ன?

தொழிலாளர் பிரச்சினை அரசியல் சட்டத்தின் பொதுப் பட்டியலில் இருக்கிறது. மாநிலச் சட்டசபைக்குச் சட்டம் இயற்ற அதிகாரம் உண்டு. மத்தியச் சட்டத்தோடு மோதினால் ஜனாதிபதியின் ஒப்புதல் வேண்டும். சட்டசபை இயற்றி அனுப்பட்டும், யார் தடுக்கிறார்கள் என்று மக்கள் பார்க்கட்டும். ஆகவே நாம் கேட்கிறோம்:

பிறருடைய வியாபாரத்துக்காக உழைப்பவர் தொழிலாளி என்றே சட்டம் கொள்ள வேண்டும். அல்ல என்று நிரூபிக்கும் பாரம் முதலாளியின் தலையில் இருக்க வேண்டும்.

செயலி வழி உழைப்பவருக்குக் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்துக் குறைந்தபட்சக் கூலி வேண்டும். பெட்ரோல் செலவை அந்தக் கூலியில் கழிக்கக் கூடாது.

காரணத்தை எழுதிக் கொடுக்காமல், விசாரணை இல்லாமல் எவருடைய கணக்கையும் முடக்கக் கூடாது.

480 நாள் கணக்கில் டிரெய்னி நாளும் கண்டிராக்ட் நாளும் சேர வேண்டும்.

சர்க்கார் தன் கீழ் உழைக்கும் மதிப்பூதிய ஊழியர்களையும் கண்டிராக்ட் ஊழியர்களையும் தொழிலாளர் என்று ஒப்புக்கொண்டு, வாயிலில் இருந்தே சீர்திருத்தத்தைத் தொடங்க வேண்டும்.

இவை ஆகாயத்துச் சந்திரனைக் கேட்பதல்ல. பீடித் தொழிலாளர் 1966-ல் பெற்றதைத்தான் 60 வருஷத்துக்குப் பிறகு நாம் கேட்கிறோம்.

தோழர்களுக்கு ஒரு வார்த்தை

கிளைத் தோழர்களே! தெருமுனையில் வண்டியை நிறுத்திச் செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் இளைஞரை வெறும் டெலிவரிப் பையன் என்று கடந்து போகாதீர்கள். அவர் நம் வர்க்கத்தின் பிள்ளை. பேச்சுக் கொடுங்கள். அவருக்கு மில் வாசல் இல்லை, கேட் மீட்டிங் இல்லை. ஹோட்டல் வாசல்தான் அவருடைய மில் வாசல். அங்கே போங்கள்.

அவரிடம் சொல்லுங்கள்: ஒவ்வொரு நாளின் கணக்கையும் படமெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். கண்டிராக்ட் தொழிலாளியும் டிரெய்னியும் வருகைச் சீட்டு, சம்பளச் சீட்டு, பாங்கி வரவு, நுழைவு அட்டை எதையும் எறிந்துவிடக் கூடாது. பீடித் தொழிலாளியின் பாஸ் புத்தகம்தான் அவரைத் தொழிலாளி என்று கோர்ட்டில் நிரூபித்த சாட்சி. முதலாளி நம் பெயரை அழிக்கலாம். நாள் கணக்கை நாம் அழியவிடக் கூடாது. வாரியத்தில் பதிவும் செய்து வையுங்கள். பதிவு செய்வதால் உரிமைப் போர் நின்றுவிடாது.

"நடக்குமா?" என்று கேட்கும் தோழருக்கு நினைவூட்டுகிறோம். 2023 ஏப்ரல் 21 அன்று 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா நம் சட்டசபையில் நிறைவேறியது. சங்கங்கள் அனைத்தும் கொடி வேற்றுமை பாராமல் எழுந்தன. மூன்றே நாளில் அதை நிறுத்திவைத்தார்கள். மே முதல் தேதியன்று வாபஸ் என்று முதலமைச்சரே அறிவித்தார். பத்து நாள் ஒற்றுமைக்கு அவ்வளவு பலம் இருக்குமானால், பத்து மாத ஒற்றுமைக்கு எவ்வளவு பலம் இருக்கும்?

அந்த இளைஞரின் மனுவில் "வேலை கொடுப்பவர் பெயர்" என்ற இடத்தை நாம் காலியாக விடவில்லை. கம்பெனியின் பெயரை முழுவதுமாக, திருத்தமாக எழுதினோம். அவர்கள் மறுக்கட்டும். மறுக்க மறுக்க எழுதுவோம். அவருடைய தாயாரின் தலைமுறையும் அப்படித்தான் எழுதியது. எழுதி எழுதியே சட்டமாக்கியது.